கொல்லையில் பத்துக் கோழி: அடுப்படி வேலையும் பஞ்சாரத்து வேலையும்

பத்து நாட்டுக்கோழி இருந்தால் தினம் பத்து முட்டை கிடைக்கும் என்று கணக்குப் போட்டால் முதல் மாதமே ஏமாற்றம்தான். சிறுவிடை, பெருவிடை மாதிரியான நம்மூர்க் கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு, அதாவது குஞ்சு பொரிக்க, உட்கார்ந்துவிடும். ஆக, பத்துக் கோழிக்குச் சராசரியாக நாளைக்கு இரண்டு முட்டை. நந்தனம், கிராமப்பிரியா போன்ற மேம்படுத்திய ரகங்கள் இதைப்போல இருமடங்கும் அதற்கு மேலும் இடும், ஆனால் அடை உட்காருவது அரிது.

முட்டை குறைவு என்பதால், வீட்டுக்கோழியில் மிச்சம் பார்ப்பது தீனிச் செலவைக் குறைப்பதில்தான். தீனியில் ஒரு பங்கு அடுப்படியிலிருந்து போகிறது. கெடுதலும் பெரும்பாலும் அதே வழியில்தான் வருகிறது: உப்புச் சோறு, பூஞ்சை பிடித்த புண்ணாக்கு, கழுவி வைத்த முட்டை, வெயிலில் கிடந்த முட்டை.

கழிவுக்கு இரண்டு பாத்திரம்

பின்வாசல் பக்கம் மூடியுள்ள இரண்டு பாத்திரம் வையுங்கள். ஒன்று கோழிக்கு, மற்றது எருக்குழிக்கு. எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டி, "வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளும்" என்று கோழி முன்னால் கவிழ்ப்பது பழக்கமாக இருக்கிறது. பசித்த கோழி உப்புச் சோற்றை விட்டுவைக்காது. தீனியில் உப்பு அரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சாம்பார் பிசைந்த சோறு, ஊறுகாய், அப்பளம், கருவாடு கழுவிய தண்ணீர் எல்லாம் இந்த அளவை எளிதாகத் தாண்டும். உப்பு மிஞ்சினால் கோழி ஓயாமல் தண்ணீர் குடிக்கும், எச்சம் தண்ணீராகப் போகும். குஞ்சுகள் செத்தே போகும். குழம்பு பட்ட சோற்றை வீணாக்க மனமில்லை என்றால், நிறைய தண்ணீரில் இரண்டு முறை அலசி, பிழிந்து, தவிட்டில் பிசைந்து வையுங்கள். வடகம், வற்றல் காயப்போடும் நாட்களில் கோழிகளைப் பஞ்சாரத்தில் (கவிழ்த்து மூடும் கூடை) அடைத்துவிடுவதற்கும் இதே காரணம் உண்டு. வடகம் போவதோடு கோழியும் கெடும்.

கோழிப் பாத்திரத்துக்குப் போகக்கூடியவை: உப்பில்லாத சோறு, கீரைத் தண்டு, முட்டைக்கோசின் மேல் இலை, பூசணி, தர்பூசணித் தோல், வெள்ளரி விதை, துருவியபின் தேங்காய் ஓட்டில் ஒட்டியிருக்கும் பருப்பு, அரிசி புடைத்த நொய். மீன் தலையும் இறால் தலையும் நல்ல புரதம்தான். ஆனால் உப்பில்லாமல் வேக வைத்துக் கொடுக்க வேண்டும், வாரத்துக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் வேண்டாம். மிஞ்சினால் ஆம்லெட்டிலேயே மீன் வாடை அடிக்கும். முருங்கைக்கீரை உருவியபின் மிஞ்சும் கொழுந்துக் காம்பைக் கட்டி, கோழியின் தலை உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். கொத்தித் தின்னும், மண்ணில் மிதிபடாது. மஞ்சள் கருவின் நிறம் கூடுவது இந்த மாதிரிப் பச்சையினால்தான்.

போகக்கூடாதவை: பச்சை படிந்த உருளைக்கிழங்குத் தோலும் முளையும், வேகாத ராஜ்மா, மொச்சை, டீத்தூள், பச்சை மரவள்ளித் தோலும் இலையும். மரவள்ளியில் சயனைடு சேர்மம் இருக்கிறது. சேலம், நாமக்கல் பக்கம் கிழங்கு சீவிய தோலைக் கொல்லையில் குவித்து வைக்கும் வீடுகளில் இதைக் கவனிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட மோசம் பூஞ்சை. சிக்கு வாடை அடிக்கும் கடலைப் புண்ணாக்கு, வெள்ளை பூத்த மக்காச்சோளம், நூல் விட்ட பழைய இட்லி மூன்றும் நேரே எருக்குழிக்கு. பூஞ்சையின் அஃப்ளாடாக்சின் நச்சு ஈரலைத் தாக்கும், அதைக் கொதிக்க வைத்துப் போக்க முடியாது.

அளவு: கோழி தின்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சமையலறை மிச்சம் வேண்டாம். சோற்றால் தொண்டைப் பை நிறைந்துவிட்டால் அது புழு பூச்சி தேடி மேயாது, புரதம் குறையும், முட்டை நிற்கும். ஈரத் தீனியை அகலத் தட்டில் வைத்து, ஒன்றரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் மதியத்துக்குள் புளித்து ஈ மொய்க்கும்.

மேய்ச்சலுக்குப் போகும் கோழிக்கு மேற்கொண்டு நாளைக்கு 50 முதல் 60 கிராம் தீனி போதும். பத்துக் கோழிக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல். வீட்டிலேயே 10 கிலோ கலக்க: உடைத்த கம்பு, சோளம், குருணை எதுவானாலும் சேர்த்து 6 கிலோ, அரிசித் தவிடு 1.75 கிலோ, கடலைப் புண்ணாக்கு 1.5 கிலோ, உப்பில்லாத மீன்தூள் அரைக் கிலோ, தாது உப்புக் கலவை 250 கிராம். மீன்தூள் வாங்கும்போது ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் அது உப்புக் கருவாட்டை இடித்தது, வேண்டாம். தவிடு சீக்கிரம் சிக்கு பிடிக்கும் என்பதால் 10 கிலோவுக்கு மேல் கலந்து சேர்த்து வைக்காதீர்கள். பத்துக் கோழிக்கு அது இரண்டரை வாரம் வரும். காலையில் கொஞ்சம் போட்டுத் திறந்துவிட்டு, பெரும்பங்கை மாலை 5 மணிக்குக் கூட்டுக்குப் பக்கத்திலேயே போடுங்கள். நேரம் தவறாமல் போட்டால் அந்தி சாயும் முன் தானாகவே வந்து அடையும். தேடித் துரத்தும் வேலை மிச்சம், கீரிக்கும் வெருகுப் பூனைக்கும் பறிகொடுப்பதும் குறையும்.

அரிசி களைந்த கழனித்தண்ணியைக் குடிக்கும் தண்ணீருக்குப் பதிலாக வைக்க வேண்டாம், தவிடு பிசையப் பயன்படுத்துங்கள். குடிக்கப் பத்துக் கோழிக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் நல்ல தண்ணீர், கோடையில் அதைப்போல இருமடங்கு. மண் சட்டியில், நிழலில், காலையும் மதியமும் மாற்றி வையுங்கள். குஞ்சு இருந்தால் சட்டிக்குள் நாலைந்து கூழாங்கல் போடுங்கள், விழுந்தாலும் ஏறிக்கொள்ளும்.

முட்டை ஓட்டைக் கழுவி, வெயிலில் இரண்டு நாள் காய வைத்து, வாணலியில் ஐந்து நிமிடம் வறுத்து, அம்மியில் நொய் அளவுக்கு நுணுக்குங்கள். தனிச் சட்டியில் வையுங்கள், தேவைப்படும் கோழி தானே தின்னும். தீனியில் கலந்தால் முட்டையிடாத சேவலுக்கும் விடலைக்கும் வேண்டாத சுண்ணாம்பு சேரும். பாதி ஓட்டை அப்படியே வீசுவதுதான் பெரிய தப்பு. அந்த உருவமும் ருசியும் பழகினால் கூட்டில் இட்ட முட்டையையே உடைத்துக் குடிக்கத் தொடங்கும். அந்தப் பழக்கம் ஒரு கோழியிடமிருந்து மற்றவற்றுக்கும் தொற்றும். பிறகு அந்தக் கோழியைக் குழம்பு வைப்பதைத் தவிர வழியில்லை.

முட்டை: எடுப்பது முதல் உரிப்பது வரை

காலை பத்து மணிக்கு ஒரு முறை, மதியம் மூன்று மணிக்கு ஒரு முறை எடுங்கள். ஒரே வேளை எடுத்தால் உடைவதும் அழுக்காவதும் கூடும். நாலைந்து கோழிக்கு ஒரு முட்டைக்கூடை போதும். அடியில் நாலு விரல் மணல், மேலே வைக்கோல். வைக்கோலோடு நொச்சி இலையோ வேப்பிலையோ கலந்தால் பேன் குறையும். கோழி இரவில் அந்தக் கூடையிலேயே படுத்து எச்சமிட்டால் மறுநாள் முட்டை அழுக்காகத்தான் வரும். படுக்கும் கட்டையைக் கூடையைவிட உயரத்தில் கட்டுங்கள், ராத்திரியில் கூடை வாயை மூடி வையுங்கள்.

எடுத்த முட்டையைக் கழுவாதீர்கள். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண் துளைகள் உண்டு. கோழி இடும்போதே அவற்றின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று காய்ந்து அடைக்கிறது. கழுவினால் அது போய்விடும். வெதுவெதுப்பான முட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் இன்னும் மோசம். உள்ளிருப்பது சுருங்கி, வெளி அழுக்கையும் சால்மொனெல்லா போன்ற கிருமியையும் துளை வழியே உறிஞ்சும். லேசான அழுக்கைத் தேங்காய் நாரால் உலர்வாகத் தேய்த்து எடுங்கள். எச்சம் அப்பியதைக் கழுவித்தான் ஆக வேண்டுமென்றால், கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் கழுவித் துடைத்து, அன்றைக்கே சமைத்துவிடுங்கள். கழுவாமல் வைத்த முட்டையையும் உடைக்கும் முன் ஒரு தரம் கழுவுவது நல்லது.

சேவல் இருக்கும் வீட்டில் முட்டை கருக்கூடியதாக இருக்கும். அறைச் சூடு 25 டிகிரியைத் தாண்டினால் அது மெல்ல வளரத் தொடங்கும். பங்குனி, சித்திரையில் அலமாரியில் நாலைந்து நாள் கிடந்த முட்டையை உடைத்தால் ரத்த நரம்பு ஓடியிருப்பது இதனால்தான். அது வேறு, மஞ்சள் கருவில் ஒட்டிய ஒற்றைச் சிவப்புப் புள்ளி வேறு. புள்ளி, மஞ்சள் கரு உருவாகும்போது சிறு ரத்தக்குழாய் வெடித்ததால் வருவது. சேவலே இல்லாத கோழியின் முட்டையிலும் இருக்கும், தாராளமாகச் சாப்பிடலாம்.

கோடையில் அடைக்கு வைக்கப் போகும் முட்டைக்கு மண்சட்டி முறைதான் சரி. வாயகன்ற சட்டியில் நாலு விரல் உயரத்துக்கு ஆற்று மணல் போட்டு, காலை மாலை தண்ணீர் தெளியுங்கள். மணல் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. மேலே இரண்டு மடிப்புத் துணி, அதன்மேல் முட்டையின் கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி, மெல்லிய துணியால் மூடி, இருட்டான மூலையில் வையுங்கள். முட்டை நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், ஆகவே ஈரம் துணியைத் தாண்டக் கூடாது. சமையலுக்கான முட்டையைப் பிரிட்ஜில் வைக்கலாம். உள்ளே போனதை எடுத்து மறுபடி வெளியில் அடுக்கினால் வியர்த்துக் கெடும். எடுத்த தேதியைப் பென்சிலால் முட்டையிலேயே குறித்துவிட்டால் எது முந்தியது என்ற குழப்பம் வராது.

வைக்கோல் போருக்கடியில் கண்டெடுத்த முட்டைக்கு வயது தெரியாது. ஒரு பாத்திரத் தண்ணீரில் விடுங்கள். படுத்தால் புதிது. அடியில் நின்றால் பழையது, நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். மிதந்தால் உடைக்காமல் புதைத்துவிடுங்கள். எந்த நாட்டு முட்டையையும் நேராகத் தோசைக்கல்லிலோ குழம்பிலோ உடைக்காமல், தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துச் சேருங்கள். ஒரு கூமுட்டை போதும், ஒரு சட்டிக் குழம்பையும் கொட்ட வேண்டிவரும்.

அவித்த புது முட்டையில் ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்து வருவது வீட்டுக்கோழி வைத்திருப்பவர்களின் தனித் தொல்லை. கடை முட்டைக்கு அது அவ்வளவாக இல்லை, ஏனென்றால் அது பல நாள் பழையது. புதிய வெள்ளைக்கருவில் கரியமில வாயு நிறைய இருப்பதால் அது உள்தோலோடு ஒட்டிக்கொள்கிறது. நாளாக ஆக வாயு வெளியேறி ஒட்டு விடும். அவிப்பதற்கு ஐந்தாறு நாள் முட்டையை எடுத்து, இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்து ஆவி வந்தபிறகு தட்டில் வைத்து மூடுங்கள். நாட்டு முட்டை 40 கிராம் அளவுதான் என்பதால் 10 நிமிடத்தில் முழுதாக வெந்துவிடும். உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டு, பருத்த பக்கத்திலிருந்து உரியுங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டுச் சூடேற்றினால் எவ்வளவு பழகிய கைக்கும் பிய்த்துக்கொண்டுதான் வரும். இன்னொரு கணக்கு: கடை முட்டை இரண்டு போடச் சொல்லும் செய்முறைக்கு நாட்டு முட்டை மூன்று.

பெரியவளான பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது வழக்கம். நோக்கம் நல்லது. ஆனால் வெந்த முட்டையின் புரதம்தான் உடம்பில் நன்றாகச் சேரும். பச்சை வெள்ளைக்கரு பயோட்டின் சத்தைக் கட்டிப்போடும், கிருமி பயமும் உண்டு. அதே நல்லெண்ணெயில் முட்டையை நன்றாக வேக விட்டுக் கொடுத்தால் வழக்கமும் கெடாது, வயிறும் கெடாது.

அடை வைக்கும்போது

கோழி கூடையை விட்டு எழாமல், கை வைத்தால் இறகு சிலிர்த்துக் 'கொர்ர்' என்றால் அடைக்கு வந்துவிட்டது. உடனே முட்டையைத் திணிக்காமல் இரண்டு நாள் ஒன்றிரண்டு பழைய முட்டையில் உட்கார வைத்துப் பாருங்கள். நிலைத்து உட்கார்ந்தால், ராத்திரியில் 10 முதல் 12 முட்டை மாற்றி வையுங்கள். எல்லாம் ஒரு வாரத்துக்குள் இட்டதாக இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் கரியால் கோடு போடுங்கள். மற்றக் கோழி வந்து அதே கூடையில் இட்டுவிட்டுப் போகும், கோடில்லாததை அன்றன்றைக்கு எடுத்துவிடலாம். கூடையில் இரும்புத் துண்டும் வரமிளகாயும் போட்டால் இடிக்கு முட்டை கலங்காது என்பார்கள். போட்டால் கெடுதல் இல்லை. உண்மையில் முட்டையைக் கலங்கடிப்பது முன்பே சொன்ன அலமாரிச் சூடு.

ஏழாம் நாள் ராத்திரி மொபைல் டார்ச்சை உள்ளங்கைக்குள் பொத்தி, முட்டையின் பருத்த பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் கரும்புள்ளியும் அதிலிருந்து கிளை பிரியும் சிவப்பு நரம்பும் தெரிந்தால் கரு பிடித்திருக்கிறது. ஒரே தெளிவாக இருந்தால் கரு இல்லை. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு இறந்துவிட்டது, எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் உள்ளே அழுகி வெடித்து மற்ற முட்டைகளையும் கெடுக்கும். 21ஆம் நாள் பொரிக்கும். அடைக்கோழி ஒரு நாளைக்கு ஒரு முறையாவது இறங்கித் தின்று, தண்ணீர் குடித்து, எச்சமிட வேண்டும். இறங்காத கோழியைத் தூக்கி வெளியே விடுங்கள், கால் மணி நேரத்தில் தானே திரும்பும்.

அடை வேண்டாத கோழியைத் தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகு செருகுவதும் தேவையில்லை. அடியில் காற்றுப்படும் கம்பிக் கூண்டில், வைக்கோல் இல்லாமல், தீனி தண்ணீரோடு மூன்று நாலு நாள் விட்டால் அடை கலைந்துவிடும்.

குஞ்சுக்கு முதல் வாரத் தீனியாகக் கரையானைப் போல மலிவானது வேறில்லை. பழைய பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு போட்டு நனைத்து, மாலையில் கரையான் புற்றுக்கு அருகே கவிழ்த்து வையுங்கள். காலையில் நிமிர்த்தினால் கரையான் ஏறியிருக்கும். செம்மண் நிலத்தில் நன்றாக வரும், களிமண்ணில் அவ்வளவு வராது. வெயில் ஏறும் முன் எடுக்காவிட்டால் இறங்கிவிடும்.

சாம்பலும் தடுப்பூசியும்

விறகடுப்புச் சாம்பல் ஆறியபிறகு ஒரு பங்குக்கு இரண்டு பங்கு மணல் கலந்து, கூரைக்கடியில் ஒரு குழியிலோ பழைய தொட்டியிலோ போடுங்கள். கோழி புரண்டு பேனை உதிர்த்துக்கொள்ளும். மழை பட்டால் சாம்பல் காரமாகித் தோலை அரிக்கும், நனைந்ததை மாற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் கொளுத்திய சாம்பல் கூடாது.

வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட் என்னும் வைரஸ் நோய்) வந்தால் ஒரே வாரத்தில் பஞ்சாரமே காலியாகும், மருந்து கிடையாது. ஏழாம் நாள் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாம் வாரம் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. சொட்டு மருந்துப் புட்டி பத்துக் கோழிக்கென்று வராது, கரைத்தபிறகு ஓரிரு மணி நேரத்தில் போட்டு முடிக்க வேண்டும். ஆகவே அக்கம்பக்கத்து வீடுகளோடு நாள் பேசிக்கொண்டு, ஐஸ் போட்ட பிளாஸ்கில் வாங்கி வாருங்கள். வெங்காயமும் சீரகமும் மிளகும் அரைத்துக் கொடுப்பது இதற்கு மாற்றாகாது.

கறிக்கு அறுக்கும் நாள்

முதல் நாள் மாலையிலிருந்து தீனி நிறுத்தி, தண்ணீர் மட்டும் வையுங்கள். குடல் காலியாக இருந்தால் சுத்தம் செய்வது எளிது, கறியில் எச்சம் படாது. அறுத்து, தலைகீழாகப் பிடித்து ரத்தம் முழுதாக வடிய விடுங்கள். இறகு பறிக்கக் கொதிநீரை அப்படியே ஊற்றினால் தோல் வெந்து கிழியும். கொதித்த தண்ணீரும் பச்சைத் தண்ணீரும் சம அளவு கலந்தால் ஏறக்குறைய 65 டிகிரி வரும். அதில் காலைப் பிடித்து முக்கி, அசைத்தபடி முக்கால் நிமிடம். சிறகின் பெரிய இறகு இழுத்ததும் வந்தால் போதும். பிறகு ஓலைத் தீயில் வாட்டினால் மயிர் கருகும். மஞ்சள் பூசித் தேய்த்துக் கழுவுங்கள்.

கழுத்தடியில் தொண்டைப் பையை முதலில் எடுங்கள். வாலின் மேல்புறத்தில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியைச் சதையோடு வெட்டி எறியுங்கள், விட்டால் கறியில் வாடை. குடலை எடுக்கும்போது ஈரலில் ஒட்டிய பச்சைப் பித்தப்பை உடையக் கூடாது. உடைந்தால் பட்ட இடத்தை வெட்டி எறிவதைத் தவிர, கழுவிக் கசப்பைப் போக்க முடியாது. இதெல்லாம் கொல்லைக் கல்லில் நடக்கட்டும். அடுப்படித் தொட்டியில் பச்சைக் கறியைக் கழுவினால் தெறிக்கும் தண்ணீர் பக்கத்து வெங்காயத்திலும் தட்டிலும் கிருமியைப் பரப்பும். கறி வெட்டிய பலகையில் காய் நறுக்காதீர்கள்.

அறுத்த உடனே சமைத்தால் சதை விறைத்து ரப்பராக இருக்கும். மூடி, பிரிட்ஜில் மூன்று நாலு மணி நேரம் வைத்தபிறகு அடுப்பில் ஏற்றுங்கள். இளம் விடைக்குக் குக்கரில் மூன்று விசில், முட்டையிட்டு ஓய்ந்த கோழிக்கு ஏழெட்டு விசில். முற்றிய கோழியை வறுவலுக்கு எடுக்காமல் குழம்புக்கும் ரசத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இறகும் குடலும் இரண்டடி ஆழத்தில் எருக்குழி ஓரம் புதைக்கப்பட வேண்டும். மேலாகப் போட்டால் தெரு நாய் தோண்டும். ருசி கண்டபின் அது உயிர்க்கோழியைத் தேடி வரும். கோழி எச்சத்தைப் பச்சையாகச் செடிக்குப் போட்டால் வேர் கருகும். காய்ந்த இலையோடு மாற்றி மாற்றி அடுக்கி, மூன்று மாதம் மக்கிய பிறகு கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் போடுங்கள். பச்சையாகத் தின்னும் கொத்தமல்லிப் பாத்திக்கு வேண்டாம்.